வன்னி எத்தனை பேரைத் தாங்கும்?

கடந்த பங்குனியில், இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில், ஒரு சிறுபோகக் கூட்டத்தில், அதாவது கோடைப் பயிருக்குக் குளத்துத் தண்ணீரைப் பங்கிடுகிற கமக்காரர் கூட்டத்தில், பின்வரிசைக் கதிரையில் இருந்தேன். குளத்தில் இருக்கிற தண்ணீருக்கு முழு வயலும் செய்ய ஏலாது, பாதிதான் என்று முடிவானது. பக்கத்தில் இருந்த ஐயா துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சனம் கூடிப்போச்சு தம்பி, குளம் பாவம் என்ன செய்யும்?" என்றார். அதே கிழமை பிரான்சிலிருந்து வந்திருந்த மச்சானை ஏ9 வீதியால் கூட்டிக்கொண்டு போனேன். மாங்குளம் தாண்டி இரண்டு பக்கமும் காடு தொடங்கியதும் கண்ணாடியை இறக்கிவிட்டு, "இவ்வளவு காணி சும்மா கிடக்கு மச்சான், ஒரு லட்சம் சனத்தைக் கொண்டுவந்து விட்டாலும் தெரியாது" என்றான்.

ஒருவருக்கு வன்னி நிரம்பி வழிகிறது, மற்றவருக்கு வெறுமையாகக் கிடக்கிறது. இரண்டும் ஒன்றாகச் சரியாக இருக்க முடியாது, ஆனால் இரண்டுமே பிழையாக இருக்கலாம். பிழைதான் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல ஒரு சொல்லை விளங்கப்படுத்த வேண்டும்: தாங்குதிறன். மேடையில், முகநூலில், அபிவிருத்தித் திட்ட அறிக்கையில் என்று எங்கேயும் இந்தச் சொல் அடிபடுகிறது. அவரவர் தமக்கு வேண்டிய அர்த்தத்தில் அதை எறிந்துவிட்டுப் போகிறார்கள்.

லாண்ட்மாஸ்டர் பெட்டியும் மாடு மேயும் தரவையும்

நெல் மூட்டை ஏற்றிப்போகிற லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெட்டி இவ்வளவு மூட்டைதான் தாங்கும் என்று ஒரு அளவு இருக்கிறது. அதற்கு மேல் ஏற்றினால் ரயர் அமுங்கும், வாய்க்கால் கரையில் ஏறும்போது முன்பக்கம் தூக்கும், ஓட்டுகிறவர் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு வருவார். தாங்குதிறன் என்ற கருத்தே இப்படியொரு சரக்குக் கணக்கில்தான் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு கப்பல் எவ்வளவு சரக்கு ஏற்றும் என்பதைக் குறிக்க அந்தச் சொல் வந்தது. அதில் குழப்பம் ஒன்றுமில்லை. பெட்டியைச் செய்தவருக்கு அளவு தெரியும், அது நாளைக்கும் மாறாது.

அப்புறம் மாடு வளர்ப்பவர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். இத்தனை ஏக்கர் புல்வெளியில் எத்தனை மாடு விடலாம்? இங்கேதான் சொல்லின் குணம் மாறியது, ஏனென்றால் புல் முளைக்கும், பெட்டி முளைக்காது. ஒரு தரவையில் ஐம்பது மாடு மேய்ந்தால், தின்ற புல் அடுத்த மாரிக்கு முன்பு திரும்ப வந்துவிடுகிறது என்று வையுங்கள். எண்பது மாடு விட்டால் முதல் வருடம் ஒன்றும் தெரியாது, மாடுகளும் கொழுகொழுவென்றுதான் நிற்கும். ஆனால் அவை நுனியைத் தின்று முடித்து அடியையும் கரம்பத் தொடங்கும், குளம்புபட்டு நிலம் இறுகும், மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலாலே ஓடும். மூன்றாம் வருடம் அந்தத் தரவை எண்பதை மட்டுமில்லை, பழைய ஐம்பதைக்கூடத் தாங்காது. மாரிப் பயிர்க்காலமான காலபோகத்தில் வயலெல்லாம் பயிராக நிற்க, மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போக இடமில்லாமல் அலைகிற எங்கள் பண்ணையாளர்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆகத் தாங்குதிறன் என்பது இதுதான்: ஓர் இடம் தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும் வல்லமை கெடாமல், நீண்டகாலத்துக்கு எத்தனை உயிர்களை வைத்திருக்க முடியுமோ, அந்த அளவு. "நீண்டகாலத்துக்கு" என்ற சொல்லை விட்டுவிட்டால் மிஞ்சுவது லாண்ட்மாஸ்டர் பெட்டிதான்.

கிணற்றில் முதலும் வட்டியும்

எங்கள் வீட்டுக் கிணற்றில் மார்கழியில் குனிந்து வாளியால் மொள்ளலாம். ஆவணி கடைசியில் மோட்டரைப் போட்டால் கால்மணி நேரத்தில் குழாய் காற்றை இழுத்துக் கரகரவென்று சத்தம் போடும். நிற்பாட்டிவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தால் திரும்பக் கொஞ்சம் ஊறியிருக்கும். ஒருமுறை பெரிய குதிரைவலு மோட்டர் ஒன்று வாங்கிப் பூட்டினோம். கால்மணி நேரத்தில் வற்றிய கிணறு ஐந்து நிமிடத்தில் வற்றியது. காசு கொடுத்துக் கற்ற பாடம்.

கிணற்றில் நிற்கிற தண்ணீர் வேறு, கிணற்றுக்கு வருகிற தண்ணீர் வேறு. வங்கியில் போட்ட பணத்தோடு ஒப்பிட்டால், நிற்பது முதல், ஊறி வருவது வட்டி. மழை மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீராகச் சேர்வதை மீள்நிரப்பு என்பார்கள், அதுதான் அந்த வட்டி. வட்டியில் சீவிக்கும்வரை எத்தனை வருடமும் சீவிக்கலாம். முதலில் கைவைத்தாலும் கொஞ்சக் காலம் நன்றாகவே இருக்கும், அதுதான் அதிலுள்ள ஆபத்து. ஆழக் குழாய்க்கிணறு அடித்துவிட்டுத் "தண்ணிப் பிரச்சினை தீர்ந்தது" என்கிறவர் சில வேளை பக்கத்து வளவுக்காரரின் முதலையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருப்பார்.

தண்ணீர் வான் மட்டத்துக்கு மேல் நிற்காது

இப்போது மச்சானின் காட்டுக்கு வருவோம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீற்றருக்குச் சுமார் 38 பேர். யாழ்ப்பாணத்தில் சுமார் 630, கொழும்பில் 3,400க்கு மேல். இதை மட்டும் பார்த்தால் மச்சான் சொன்னது சரிபோலத்தான் இருக்கும்.

ஆனால் ஒரு குளத்தை யோசியுங்கள். கட்டு எவ்வளவு உயரமாக இருந்தாலும், மிஞ்சிய தண்ணீர் வழிந்தோட விட்ட வாயான வான் இருக்கும் மட்டம்வரைதான் தண்ணீர் நிற்கும், அதற்கு மேல் வந்தது வான் பாய்ந்து போய்விடும். கட்டின் மற்ற இடங்களை இன்னும் பத்து அடி உயர்த்தினாலும் குளத்தில் ஒரு சொட்டும் கூடாது. ஓர் இடத்தின் தாங்குதிறனும் அப்படித்தான். நிலம், வெயில், மண், தண்ணீர், விறகு எல்லாவற்றிலும் எது முதலில் தட்டுப்படுகிறதோ அதுதான் எல்லையைப் போடும். அதற்கு எல்லைக் காரணி என்று பெயர். பயிருக்கு எந்தச் சத்துக் குறைவோ அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மன் வேதியியலாளர் லீபிக் பரப்பிய விதியும் இதேதான்.

வன்னியில் நிலம் எல்லைக் காரணி இல்லை, அது தாராளம். மழையும் வருடக் கணக்கில் பார்த்தால் குறைவில்லை, ஆயிரம் மில்லிமீற்றருக்கு மேலே பெய்கிறது. ஐரோப்பாவின் பல நகரங்களில் அவ்வளவு பெய்யாது, மச்சானின் பாரிசிலும் பெய்யாது. ஆனால் எங்களுக்கு அதில் பெரும்பகுதி ஒக்ரோபரில் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டி முடிந்துவிடும். அதன்பிறகு வெயில், சோளகக் காற்று. திறந்து கிடக்கிற குளத்திலிருந்து ஆவியாகிப் போவதே ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீற்றர் அளவில் இருக்கும். நான்கு மாதத்தில் இரண்டு அடித் தண்ணீரை ஒருவரும் குடிக்காமல் வானம் குடித்துவிடும். ஆழமில்லாத சிறு குளத்துக்கு இரண்டு அடி என்றால் ஏறக்குறைய குளமே போன மாதிரி. எனவே வன்னியின் வான் மட்டம் ஆவணி மாதத்துத் தண்ணீர். காட்டின் பரப்பையோ வருட மழையின் சராசரியையோ வைத்து அதைச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் மச்சானுக்குச் சொன்னேன், அவன் பெரிதாகக் காதில் போடவில்லை. அந்தக் காடு சும்மா கிடக்கவில்லை. பாலையும் முதிரையும் வீரையும் நிற்கிற அந்த நிலத்தில்தான் மாரி மழை மெதுவாக இறங்கி மண்ணுக்குள் போகிறது, அங்கிருந்துதான் குளங்களுக்குக் கசிந்து வருகிறது. அதை வெட்டிக் குடியேற்றினால் ஆட்களும் கூடுவார்கள், அவர்களுக்கான தண்ணீரும் குறையும். யானை நடமாட்டத்தை வேறு கதையாக விடுகிறேன். மின்வேலிக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் எது யாருடையது என்று யானையிடம் கேட்டால் வேறு மறுமொழி வரும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: தாங்குதிறனுக்கு ஒரு கால அளவு உண்டு, அது மீள்நிரப்பைப் பொறுத்தது, அதைத் தீர்மானிப்பது எல்லாவற்றிலும் குறைவாக இருக்கிற ஒன்று. எங்களுக்கு அது கோடைத் தண்ணீர்.

ஓர் ஏக்கர் சிறுபோகத்துக்குள் எத்தனை பேர்?

அடுத்தது ஐயா சொன்னது. சனம் கூடியதால்தான் குளம் போதாமல் போனதா? இதற்குக் கொஞ்சம் பெருக்கல் வகுத்தல் போட வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீரைக் கட்டி வைத்தால் அது ஓர் ஏக்கர் அடி. ஏறத்தாழ 12 லட்சத்து 33 ஆயிரம் லீற்றர். கனகராயன் ஆறு நிரப்புகிற கிளிநொச்சியின் இரணைமடுக் குளம், 1902இல் வேலை தொடங்கிப் பிறகு பல தடவை உயர்த்தப்பட்டு, கடைசியாக 2018இல் புனரமைப்பு முடிந்தபின் சுமார் 148 மில்லியன் கனமீற்றர் பிடிக்கும். கமக்காரர் கணக்கில் சுமார் 120,000 ஏக்கர் அடி. அதன் கீழ் வயல் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல். சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்கு ஐந்து ஏக்கர் அடி தேவை என்று வைத்தால், குளம் முட்டினால் சரி, முழு வயலும் செய்யலாம் போலத் தெரியும். ஆவியாவதையும் வாய்க்காலில் ஒழுகுவதையும் கழித்தால் இழுபறிதான்.

"குளம் எத்தினை அடி?" என்றுதான் நாங்கள் எல்லோரும் கேட்போம். முப்பத்தாறு அடிக் குளத்தில் பதினெட்டு அடி நின்றால் பாதித் தண்ணீர் என்று பலர் நினைக்கிறார்கள். குளம் நேர்ச்சுவர் வைத்த தொட்டி இல்லை. அது கிண்ணம் மாதிரி, மேலே அகலம், கீழே ஒடுக்கம். பாதி உயரத்தில் இருப்பது பாதியை விட நல்ல குறைவு. கூட்டத்தில் வருகிற சண்டையில் ஒரு பங்கு இந்த விளக்கக் குறைவால்தான் வருகிறது.

இனி ஆட்கள். ஒருவருக்குக் குடிக்க, சமைக்க, குளிக்க, தோய்க்க எல்லாம் சேர்த்து நாளுக்கு 120 லீற்றர் என்று தாராளமாகவே வைப்போம். வருடத்துக்கு 43,800 லீற்றர். ஓர் ஏக்கர் சிறுபோக நெல் குடிக்கிற ஐந்து ஏக்கர் அடியை இதனால் வகுத்தால் 140 பேருக்கு ஒரு வருடத் தண்ணீர். ஒரே ஓர் ஏக்கர்! கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டத்திலும் 2012இல் இருந்தவர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். அவ்வளவு பேரும் வருடம் முழுக்க இரணைமடுவிலிருந்தே குடித்துக் குளித்தாலும், நிரம்பிய குளத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு போகும்.

அதற்காக நெல்தான் கள்ளன் என்று எடுத்துவிடாதீர்கள். அந்த ஏக்கரில் வருகிற நெல்லைக் குத்தி அரிசியாக்கினால் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு வருடச் சோறு. ஆக, குடத்தில் தூக்கிப்போகிற தண்ணீரைவிடக் கோப்பையில் சோறாக வருகிற தண்ணீர் பத்து மடங்குக்கு மேல் பெரியது. ஆட்களை எண்ணுகிறபோது நாங்கள் குடத்தைத்தான் பார்க்கிறோம்.

இதே விளக்கம்தான் இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்திலும் தேவைப்பட்டது. குடிநீர்த் தேவை குளத்தின் அளவோடு பார்க்கையில் சின்னது என்பது ஒரு பக்கத்து நியாயம். வறட்சி வருடத்தில் ஒவ்வோர் அடியும் ஒரு குடும்பத்தின் போகம் என்பது கமக்காரர் பக்கத்து நியாயம். முதலாவது சராசரியைப் பேசியது, இரண்டாவது வான் மட்டத்தைப் பேசியது. ஒருவருக்கொருவர் கேட்காமலே பல வருடம் கதைத்தார்கள். கடைசியில் யாழ்ப்பாண மாவட்டத்துத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது.

தலையை மட்டும் எண்ணினால்

1970களின் தொடக்கத்தில் போல் ஏர்லிக், ஜோன் ஹோல்ட்ரன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகளின் எழுத்திலிருந்து ஒரு சின்னச் சமன்பாடு வந்தது. சூழலுக்கு ஏற்படும் தாக்கம் மூன்றின் பெருக்கம்: எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு நுகர்கிறார்கள், அதை எந்த முறையில் செய்கிறார்கள். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பாதியாகி இன்னொன்று நான்கு மடங்கானால் மொத்தம் இரண்டு மடங்கு.

வன்னிக்காரருக்கு இதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. 2009இல் இங்கிருந்து முகாம்களுக்குப் போனவர்கள் மட்டும் ஏறத்தாழ 280,000 பேர். அதாவது யுத்தத்தின் கடைசி வருடங்களில், இடம்பெயர்ந்து வந்தவர்களோடு சேர்த்து, இந்த நிலத்தில் 2012இல் இருந்ததைவிடக் கூடுதலான சனம் இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடையாது, மோட்டர்சைக்கிள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடியது, இரவில் குப்பி விளக்கு, பொலித்தீன் பையைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் பாவித்தோம், சவர்க்காரத் துண்டின் கடைசிச் சில்லும் வீணாகாது. தலைகள் அதிகம், ஆளுக்கான நுகர்வு மிகக் குறைவு. இதைச் சிலர் இப்போது "இயற்கையோடு இயைந்த வாழ்வு" என்று மெச்சி எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. மருந்தில்லாமல் செத்தவர்களையும் அந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும். நுகர்வு குறைவதும் வாழ்வு நன்றாக இருப்பதும் ஒன்றில்லை. ஆனால் தலை எண்ணிக்கை மட்டும் ஒன்றையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி எங்களிடம் இல்லை.

அதற்கு மறுபக்கம் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பிக்குள் கூடாரங்களில். அந்தத் துண்டுக் காட்டு நிலம் அவர்களில் ஒரு சிறு பங்கைக்கூடத் தானாகத் தாங்கியிராது. சாப்பாடும் தறப்பாளும் வெளியிலிருந்து வந்தன. தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நித்திரை கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

வெளியிலிருந்து வருவதால் ஓர் இடம் தாங்குகிறது என்பது முகாமுக்கு மட்டுமில்லை, நகரங்களுக்கும் பொருந்தும். கொழும்பில் 3,400 பேர் ஒரு சதுர கிலோமீற்றரில் இருக்கிறார்களே, அந்தச் சதுர கிலோமீற்றரிலா அவர்களுடைய நெல் விளைகிறது? ஒருவர் உண்பது, உடுப்பது, எரிப்பது, எறிவது எல்லாவற்றுக்கும் உலகத்தில் எங்கெங்கோ தேவைப்படும் நிலத்தையும் நீரையும் ஒன்றாகக் கூட்டினால் வருவதைச் சூழல் தடம் என்கிறார்கள். கால் ஓரிடத்தில் நிற்கும், தடம் வேறிடத்தில் பதியும்.

இங்கேதான் முல்லைத்தீவின் 38 என்ற எண் ஏமாற்றுகிறது. இந்த மண்ணின் நெல் லொறியில் தெற்குக்குப் போகிறது. மரமும் போகிறது, பெர்மிட்டோடும் இல்லாமலும். ஆற்று மணல் இரவில் டிப்பரில் போகிறது. வன்னி தாங்கிக்கொண்டிருப்பது வன்னியில் இருப்பவர்களை மட்டுமில்லை. இங்கே தலை வைக்காதவர்களின் தடமும் இந்த 38 பேரோடு சேர்ந்து இந்த நிலத்தில்தான் அழுத்துகிறது.

சுருக்கமாக: எத்தனை பேர் என்பது மூன்றில் ஒரு காரணி. மற்ற இரண்டும் தெரியாமல், பாரம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியாமல், "சனம் கூடிப்போச்சு" என்று சொல்வது அரைக் கணக்கு.

நிற்காமல் அசைகிற எண்

1798இல் இங்கிலாந்தில் தோமஸ் மால்தஸ் என்ற பாதிரியார், சனத்தொகை பெருக்கல் முறையில் கூடும், உணவு கூட்டல் முறையில்தான் கூடும், ஆகவே பஞ்சம் தவிர்க்க முடியாதது என்று எழுதினார். அப்போது உலகத்தில் நூறு கோடிப் பேர்கூட இல்லை. 2022 நவம்பரில் எண்ணூறு கோடி தாண்டியதாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. மால்தஸ் தோற்றது, விளைச்சல் ஏறியதால். சனம் நெருக்கும்போதுதான் மனிதர் புதிய பயிர்முறைகளைத் தேடுகிறார்கள் என்று 1960களில் டென்மார்க் பொருளியலாளர் எஸ்தர் போசெரப் அவருக்கு நேர் எதிராக வாதிட்டார்.

சரி, அப்படியென்றால் எல்லையே இல்லையா? 2021 நினைவிருக்கும். அந்த வருடம் மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே அடியாக நிறுத்தப்பட்டது. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் காலபோகம் ஏற்கனவே மஞ்சளாகிவிட்டது. அதே வயல், அதே குளம், அதே கமக்காரர். விளைச்சல் மட்டும் சரிந்தது. அதற்கு முன்பு எங்கள் வயல் தாங்கிய அளவில் ஒரு பெரிய பங்கு கப்பலில் யூரியாவாக வந்துகொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது. தாங்குதிறன் ஏறும், இறங்கும். கடன் வாங்கி ஏற்றியது சடுதியில் இறங்கும்.

இறங்குவது உடனே தெரியாது என்பதுதான் இன்னும் மோசம். அலாஸ்காவுக்கு அப்பால் செயின்ற் மத்தியூ என்று ஒரு தீவு. 1944இல் அங்கே 29 பனிமான்களைக் கொண்டுபோய் விட்டார்கள். அவற்றை வேட்டையாடுகிற விலங்கு ஒன்றும் இல்லை, தரை முழுக்கப் பாசிப்பூண்டு. 1963இல் மான்கள் 6,000. அப்போது போய்ப் பார்த்த ஒருவருக்குச் செழித்த தீவு என்றுதான் தோன்றியிருக்கும். உண்மையில் மெதுவாக வளரும் அந்தப் பூண்டு அதற்குள் தின்று தீர்ந்துகொண்டிருந்தது. ஒரு கடும் பனிக்காலம் வந்தது. 1966இல் எண்ணியபோது 42. எல்லையைத் தாண்டியபின்னும் சேமிப்பில் கொஞ்சக் காலம் ஓடுகிற இந்த நிலையை மிகைத்தாண்டல் எனலாம். எங்கள் பெரிய மோட்டர் ஓடிய அந்த ஐந்து நிமிடம் மாதிரி.

மனிதர் மான் இல்லை, பிள்ளை பெறுவதையும் யோசித்துத்தான் செய்கிறார்கள். இலங்கையில் பிறப்புகள் சில வருடங்களாகக் குறைந்துகொண்டே வருகின்றன. வடக்கில் பிள்ளைகள் போதாமல் மூடும் நிலையில் உள்ள பள்ளிக்கூடங்கள் எத்தனை என்று ஆசிரியர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். ஆகச் "சனம் பெருகுது" என்ற பயம் இங்கே பெரும்பாலும் பழைய பயம். அதோடு, இந்த நாட்டில் அந்த வசனத்தை ஒருவர் சொன்னால் எந்தச் சனத்தைச் சொல்கிறார் என்று ஒருதரம் கேட்டுக்கொள்வது நல்லது. யாழ்ப்பாணத்தின் நெருக்கத்தைக் குறைக்க என்றுதான் 1930களில் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் வந்தது, எங்கள் தாத்தாக்களே அப்படி வந்தவர்கள்தான். ஆனால் அதற்குப் பிறகு குடியேற்றம் என்ற சொல் இந்த மண்ணில் வெறும் காணிக் கணக்காக ஒருபோதும் இருந்ததில்லை.

அலைகரையில் ஒரு வேலி

தாங்குதிறன் எங்கே குறைகிறது என்று நேரில் பார்க்க விரும்பினால் ஏதாவது ஒரு சின்னக் குளத்தின் அலைகரைக்குப் போங்கள். குளத்துக்கு மேற்பக்கம், தண்ணீர் கோடையில் பின்வாங்கி மாரியில் திரும்ப ஏறும் அந்த விளிம்பு. புல்லும் கோரையும் மருதும் நிற்கிற இடம். மேலிருந்து வருகிற வண்டலை வடிப்பது அதுதான். கோடையில் அங்கே ஈரம் இருக்கும், ஆகவே யாராவது ஒருவர் நாலு கட்டையை நட்டுக் கம்பி இழுப்பார். ஒரு வருடம் பயறு போடுவார், அடுத்த வருடம் வேலி பத்து முழம் உள்ளே போகும். மாரியில் உழுத மண் கரைந்து குளத்துக்குள் இறங்கும். குளம் மெல்ல மெல்லத் தூரும். வெளியிலிருந்து பார்த்தால் அதே கட்டு, அதே வான், வானும் முன்னையைவிட வேளைக்கே பாயும். "இந்த முறை கெதியா முட்டிட்டுது" என்று சந்தோஷப்படுவார்கள். கிண்ணத்தின் அடியில் மண் இருந்தால் கெதியாகத்தான் முட்டும்.

ஆற்று மணலும் இதே கதைதான். ஆற்றுப்படுக்கை மணல் ஒரு பஞ்சு மாதிரி, மாரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாகப் பக்கத்துக் கிணறுகளுக்குக் கொடுக்கும். மணலை அள்ளினால் படுக்கை தாழும், தண்ணீர் அந்தப் பள்ளத்துக்கு இறங்கும், கரையில் உள்ள கிணறு ஆடியிலேயே வற்றும். அந்தக் கிராமத்தில் ஓர் ஆள்கூடக் கூடியிருக்க மாட்டார். ஆனால் கிராமம் தாங்கக்கூடிய ஆட்கள் குறைந்துபோவார்கள். சூழலுக்காகக் குரல்கொடுப்பது என்றதும் மரக்கன்று நட்டுப் படம் எடுப்பதைத்தான் பலர் நினைக்கிறார்கள். டிப்பர் போன நேரத்தையும் இலக்கத்தையும் எழுதிக்கொண்டுபோய்ப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் வாசிக்கிற அக்காமாரை நான் கூடுதலாக மதிப்பேன். கன்றும் நடலாம், தவறில்லை, ஆனால் ஆவணியில் தண்ணீர் ஊற்ற ஆள் வேணும்.

கூட்டம் என்ற கருவி

1968இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் எழுதியது: பொதுவான புல்வெளியில் ஒவ்வொருவரும் இன்னொரு மாடு விடத்தான் பார்ப்பார், ஆகவே பொது என்றாலே நாசம். பலரும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்க அரசறிவியலாளர் எலினோர் ஒஸ்ட்ரம் போய்ப் பார்த்தார். உலகத்தின் பல மூலைகளில் நீர்ப்பாசன வாய்க்காலையும் காட்டையும் மீன்பிடியையும் சனங்கள் தாங்களே விதி போட்டு நூற்றாண்டுக் கணக்கில் காத்துவருவதை எழுதினார், 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். எவ்வளவு எடுக்கலாம் என்ற விதி, மீறினால் தண்டம், விதி போடுகிற இடத்தில் எடுக்கிறவருக்கும் கதிரை. ஏறக்குறைய இதுதான் அவர் கண்டது.

அந்தப் பங்குனிக் கூட்டத்தில் நான் பார்த்ததும் அதைத்தான். தண்ணீர் பாதிக்குத்தான் போதும் என்றால், மேல்வாய்க்கால்காரர் முழுக்கச் செய்து கீழ்வாய்க்கால்காரர் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. குறிப்பிட்ட பகுதி வயலை மட்டும் தெரிந்து எல்லோரும் பங்குபோட்டுச் செய்கிறார்கள். சத்தம் வரும், பழைய கோபங்கள் வரும், ஒருவர் எழும்பிப் போய்விட்டுத் தேத்தண்ணீர் வர திரும்பி வருவார். ஆனால் அங்கே நடப்பது தாங்குதிறனைக் கணக்கிட்டு அதற்குள் நிற்கிற வேலை. ஒருவரும் அந்தச் சொல்லைப் பாவிக்கவில்லை. மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, மேட்டு வயலில் நெல்லை விட்டுவிட்டு உழுந்தோ கச்சானோ போடலாமா, குளத்து மதகான துருசை எத்தனையாம் திகதி திறப்பது என்று ஒவ்வொரு முடிவும் சமன்பாட்டின் மூன்றாவது காரணியை, செய்கிற முறையை, கொஞ்சம் அசைக்கிறது.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஐயாவிடம் அந்த 140 பேர் கணக்கைச் சொன்னேன். மனதுக்குள் ஒருதரம் பெருக்கிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் செய்யிற மூண்டு ஏக்கர்…" என்று நிறுத்தினார். பிறகு, "எங்கட குளத்துக்கு மேல வேலி போட்டிருக்கிறவன் என்ர பெறாமகன்தான் தம்பி. ஆர் போய்ச் சொல்றது?" என்றார்.

வீட்டுக் கிணற்றின் உட்சுவரில் மூன்று வருடமாக ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி சிவப்புப் பெயின்ற்றில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மாதத்தை எழுதி வருகிறேன். ஆவணிக் கோடுகள் மூன்றும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு சாண். வீட்டில் அப்போதும் நாங்கள் ஐந்து பேர், இப்போதும் ஐந்து பேர்தான்.